நோயாளர் பட்டியல்

எங்கள் ஊரில் முன்னேறியவனுக்கு வருத்தம் வரக் கூடாது. நீரிழிவு வரலாம். அதற்கு ஒரு மரியாதை இருக்கிறது.

என் அண்ணன் றெனால்ட் பொறியியலாளன். பதவி உயர்வுக்குச் சந்தியில் அவனை வாழ்த்திக் கட்டிய பதாகை வெளிறிவிட்டது. படத்தில் பல் மட்டும் இன்னும் வெள்ளை. கொழும்பிலிருந்து இரண்டு நாள் லீவில் வந்தவன் ஆறு வாரமாகத் திரும்பிப் போகவில்லை. காலையில் சப்பாத்தும் ஹெல்மெட்டும் போட்டு, முற்றத்தில் நிற்கும் மோட்டார் சைக்கிளில் ஏறி ஒரு மணித்தியாலம் இருப்பான். பிறகு இறங்கி வந்து வாளிக்குள் சத்தி எடுப்பான். பெற்றோல் மிச்சம்.

கிளினிக்கில் மன அழுத்தம், பதகளிப்பு என்று சொல்லிக் குளிசை கொடுத்தார்கள். அப்பா அருளப்பு குளிசையை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகினார்.

"விசர்க் குளிசை என்ர வீட்டில வேண்டாம். அவனுக்கு என்னடா குறை? ஏசி ரூம், கொம்பனிக் கார்..."

"காருக்கு ஒரு குறையுமில்லை அப்பா" என்றேன்.

அண்ணன் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. ஞாயிறு பூசையில் நோயாளருக்கான மன்றாட்டை வாசிப்பவன் நான்.

"என்ர பேரையும் வாசிப்பியே? எப்ப போறாய், எப்ப போறாய் எண்டு எல்லாரும் கேக்கினம். ஒருக்கா வாசிச்சா விட்டிடுவினம்."

அப்பாவுக்குக் கேட்டுவிட்டது. "வாசிச்சியெண்டா வீட்டுப் பக்கம் வராதை! வேணுமெண்டா நன்றிப் பட்டியலில போடு, பதவி உயர்வு கிடைச்சதுக்கு."

ஞாயிறு வந்தது. நீக்கிலாஸ் மாமாவின் முழங்கால், எடித் அன்ரியின் சீனி வருத்தம் எல்லாம் வாசித்தேன். "மன அழுத்தத்தால் வருந்தும் றெனால்டுக்காகவும்" என்றேன். சனம் பதில் சொல்ல மறந்து எங்கள் வீட்டார் இருக்கும் வாங்கைத் திரும்பிப் பார்த்தது. அப்பா எழுந்து வெளியே போனார்.

நான் வீட்டுக்கு வந்தபோது வாசலை மறித்து நின்றார். "உனக்கு இனி இஞ்ச சோறில்லை. என்னை ஊருக்கே விசரன்ர தேப்பனாக்கிப்போட்டாய்."

கோயில் ஒலிபெருக்கியில் பூசை எங்கள் முற்றம்வரை கேட்கும். அண்ணன் மோட்டார் சைக்கிளிலிருந்து இறங்கினான். ஹெல்மெட்டைக் கழற்றினான்.

"அப்பா, திறப்பைத் தாங்கோ."

"தரமாட்டன்."

அண்ணன் என்னைப் பார்த்தான். "ஸ்குறூ டிறைவர் இருக்கே?"

எடுத்துக் கொடுத்தேன். அலுமாரிக் கதவின் பிணைச்சலைக் கழற்றத் தொடங்கினான். பொறியியலாளன் அல்லவா, நான்கு நிமிடம்.

"டேய், அது தேக்கடா!" என்று அப்பா கத்தினார்.