சூசைராஜ் முகத்தில் தூசி

"மூஞ்சியில தூசி போடணும்," என்றாள் பாக்கியவதி.

ஜூடித் மவுசை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். தங்கச் சுரங்க ஊரான ராபர்ட்சன்பேட்டையில் கல்யாணப் பத்திரிகையும் நினைவஞ்சலி போஸ்டரும் கம்ப்யூட்டரில் போட்டுத் தருகிற கடை அது. திரையில் பாக்கியவதியின் புருஷன் சூசைராஜ், பவுடர் பூசி, தலை படிய வாரி, செத்து ஒரு வருஷம் ஆனவர் போலவே இல்லாமல் இருந்தார்.

"ஆண்ட்டி, எல்லாரும் கறையை எடுக்கத்தான் வருவாங்க."

"அவங்க வூட்டு ஆளு சுரங்கத்து ஷாஃப்டுல இறங்கியிருக்க மாட்டான். இவரு பதினெட்டு வருஷம் பாறையத் தொளைக்கற மெஷின் புடிச்சாரு. போடு."

கூட வந்திருந்த சூசைராஜின் தம்பி டக்ளஸ் தலையில் அடித்துக்கொண்டான். "ஊரே சிரிக்கும் அண்ணி. பாப்பா, நீ கோட்டு, டை போட்டு வுடும்மா."

"டை கட்டிக்கினு பூமிக்கடியில எந்த லெவலுக்குப் போனாரு உங்கண்ணன்?"

ஜூடித் சிரிப்பை அடக்கிக்கொண்டு பெரிய பிரஷ் ஒன்றை எடுத்து, வெள்ளை நிறத்தில் கன்னத்தின் மேல் மவுசால் இழுத்தாள்.

"இது இன்னாடி, சாம்பிராணி போட்ட மாதிரி?"

"பிரஷ் ஓரம் மெத்துன்னு இருக்கு. கெட்டியாக்கறேன்."

"இப்ப சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு."

"இருங்க ஆண்ட்டி. கோடுன்னு தெரியுதே, அது பொட்டு மேல பொட்டா வுழறதுதான். நடுவுல எடம் வுட்டா தனித்தனியா நிக்கும்." சைஸை மூன்றுக்கு இறக்கினாள். ஸ்பேசிங்கை ஏற்றினாள். நிறத்தின் அழுத்தத்தைப் பாதிக்குக் கீழே கொண்டுவந்தாள். கோடு உடைந்து துகளாயிற்று.

"ஆங்! அதான். புருவத்துல நெறைய. காதோரம். மூக்குக்குக் கீழ வேணாம், கைக்குட்டை கட்டுவாரு."

ஜூடித் அங்கே துடைத்தாள்.

"முழுசா எடுக்காத. கட்டினாலும் ஓரத்துல பூந்துடும்."

"யாருக்குக் காட்ட இதெல்லாம்?" என்றான் டக்ளஸ்.

"உனக்குத்தான் தம்பி. பீடி குடிச்சு நெஞ்சு போச்சுன்னு கல்லறையில வச்சே சொன்னல்ல? இப்ப பால்காரன் வரைக்கும் அதையே சொல்றான். இது செவுத்துல ஏறட்டும். எதால போச்சுன்னு பாத்துக்கட்டும்."

"குடிக்கலியா அவன்?"

"குடிச்சாரு. ஒரு நாளைக்கு நாலு. நீ ஒரு கட்டு குடிக்கற, குத்துக்கல்லாட்டம் நிக்கற. மேல ஸ்டோர்ல உக்காந்து சாமான் எடுத்துக் குடுத்தவன்தானே நீ? கீழ இறக்கற கேஜ்ல ஒரு நாள் ஏறியிருப்பியா?"

டக்ளஸ் திரையைப் பார்க்கவில்லை. கடை வாசலைப் பார்த்தான்.

"இந்த அழுக்கு மூஞ்சிக்குக் கீழ என் பேரு வேணாம்."

போஸ்டரின் அடியில், 'துயருறும்' என்பதற்குப் பக்கத்தில் பாக்கியவதி, டக்ளஸ் என இரண்டு பெயர்கள்தான் இருந்தன. ஜூடித் பாக்கியவதியைப் பார்த்தாள்.

"கேட்டல்ல? எடுத்துடு."

"அண்ணி, நான் ஒரு பேச்சுக்கு..."

"நான் பேச்சுக்குச் சொல்லல தம்பி. ஜூடித், எடும்மா."

பெயர் போன இடம் வெறுமையாகக் கிடந்தது.

"அந்த எடத்துல இன்னா போடறது ஆண்ட்டி? சிலுவையா, பூவா?"

"இவரையே பெருசாக்கு."

"பெருசாக்கினா தூசியும் பெருசாத் தெரியுமே." ஜூடித் படத்தின் மூலையைப் பிடித்து இழுத்தாள்.

"தெரியட்டும்," என்றாள் பாக்கியவதி. "இன்னும் இழு."