நடுக்காம்பராவின் சுவர்

தொடர்மாடி வீட்டு உரிமைச் சட்டத்தில் வரப்போகும் திருத்தம் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களையும் சேர்த்துக்கொள்ளும் என்று பேச்சு அடிபட்டது. இரத்தினபுரியில் சட்டத்தரணிகளுக்கு வகுப்பு வைத்து, ஆளுக்கொரு லயத்துக்குப் போய்ப் பழகிவிட்டு வரும்படி அனுப்பியிருந்தார்கள். அதன்படி காம்பரா, அதாவது குடியிருக்கும் அறை, அவரவருக்கு; சுவரும் கூரையும் எல்லோருக்கும் பொது. எந்தக் காம்பராவில் யார் இருக்கிறார்கள் என்று அறிவதே முதல் வேலை. எஹலியகொடையிலிருந்து சட்டத்தரணி நுஸ்கா அந்த இறப்பர் தோட்டத்துக்கு வந்தது அதற்குத்தான்; வந்ததும் பொதுச் சுவர் பற்றி லயத்தில் எல்லோருக்கும் சொல்லியிருந்தாள்.

லயத்தின் நடுவில் ஒரு காம்பரா பூட்டிக் கிடந்தது. இருளாயி தனியாக இருந்த இடம். பால் வெட்டப் போன மலையில் மண் சரிந்து அவளைக் கொண்டுபோனது, உடல் கிடைக்கவில்லை. பக்கத்துக் காம்பரா ஸ்ரீதரனுக்கு அது வேண்டும். மகள் சசிக்குக் கல்யாணமாகி, ஒரே அறைக்குள் இரண்டு குடும்பம்.

“காலின்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா, தோட்டத்துத் தொரை சாவி தர்றேன்னிருக்காரு மிஸ்,” என்றான் ஸ்ரீதரன்.

“மருமகன் முழிச்சுக்குவான்னு இவரு இருமுறதுக்குக்கூட வெளிய போறாரு,” என்றபடி அவன் மனைவி தர்மிளா தேத்தண்ணி நீட்டினாள்.

விளக்கு வைக்கும் நேரம். இருளாயியின் காம்பரா பக்கத்துச் சுவரில் யாரோ மெதுவாகத் தட்டினார்கள். தர்மிளா எழுந்துபோய் எதிர்ச் சுவரைத் தட்டிவிட்டு வந்தாள்.

“என்ன அது?”

“மண் சரிஞ்சதிலருந்து இப்பிடித்தான் மிஸ். மேக்கோடியில தட்டுனா வீடு வீடா தட்டிக்கிட்டே கீழ்க்கோடி வரைக்கும் போகும். எல்லாரும் இருக்கோம்னு தெரியும்ல.”

“உங்களுக்கு யாரு தட்டினது?”

“செல்லையா மாமா.”

சொல்லிவிட்டு அவளே நிறுத்திக்கொண்டாள். செல்லையா இருப்பது பூட்டிய காம்பராவுக்கு அந்தப் பக்கம்.

நுஸ்கா அவரிடம் போனாள். “எப்பயும் போலதான் தட்டுனேன். அங்கிட்டுப் போய்ச் சேருதே,” என்றார் கிழவர். தான் திரும்பிப் போனதும் ஓங்கித் தட்டச் சொல்லிவிட்டு வந்து, ஸ்ரீதரன் வீட்டுச் சுவரில் காதை வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

ஸ்ரீதரன் வாசலில் இறங்கிக் கூப்பிட்டான். “தட்டியாச்சா மாமா?”

“கையே நோவுதுடா.”

அவன் உள்ளே வந்து நின்றான். மழை விட்டு, தகரத்திலிருந்து சொட்டும் சத்தம் மட்டும். அதுவும் ஓய்ந்தது. பிறகு நுஸ்காவின் காதருகே, மடக்கிய விரலால் தட்டுவது போல, பொறுமையாக ஒரு சத்தம்.

தர்மிளா பழக்கத்தில் எதிர்ச் சுவருக்குப் போய்த் தட்டினாள். அப்புறம்தான் தன் கையைப் பார்த்தாள்.

நுஸ்கா சுவரை விட்டு விலகினாள். “காலின்னு சொல்லவா அண்ணே?”

ஸ்ரீதரன் சசியைப் பார்த்தான். அவள் மூலையில் பாயைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“சுவரு எல்லாருக்கும் பொதுன்னீங்களே மிஸ்,” என்றான். “ஆள் இருக்குன்னே சொல்லிருங்க.”

“அப்ப நாங்க எங்கப்பா படுக்கிறது?” என்றாள் சசி.

எல்லோரும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.