காய்ந்த கிளாவிதை

டிலோஜன் கடலில் காணாமற் போய் மூன்று வருடமாகியும் அவனுக்கு இறந்தோர் பூசை கொடுக்க மாக்கிறட் சம்மதிக்கவில்லை. உடல் வரவில்லை. படகின் துண்டு ஒன்றுகூட அரிப்பு ஊரின் கரையில் ஒதுங்கவில்லை. பெற்றவள் எதை நம்பிப் பிள்ளையைச் செத்தவன் என்பாள்? பூசை கொடாவிட்டால் ஆத்துமா அலையும் என்று சொல்லிச் சொல்லிப் புருசன் அம்புறோசுக்கு வாய் நொந்துவிட்டது.

அலைந்துகொண்டுதான் இருந்தது. மத்தியான வெயிலில், ஊர் கண்ணயரும் நேரம், வாசலில் யாரோ வலை உதறும் சத்தம் அவளுக்குக் கேட்கும். ஓடிப்போய்ப் பார்த்தால் மணலில் காலடி இராது. அம்புறோசுக்கு ஒருநாளும் அது கேட்டதில்லை.

கடைசியாக டிலோஜன் மடு மாதா திருவிழாவுக்குப் போய் ஒரு பை கிளாப்பழம் கொண்டுவந்தான். தின்றுவிட்டு விதைகளைத் தாயிடம் நீட்டினான். "எடுத்து வையணை அம்மா. மாதா கெபிக்குப் பக்கத்தில போடுவம். வெள்ளைப் பூவும் பூக்கும், பழமும் தின்னலாம்." அடுத்த கிழமை கடலுக்குப் போனவன்தான்.

இந்த வருடத் திருவிழாவில் மாக்கிறட் மாதாவிடம் நேர்ந்துகொண்டாள். அந்த விதை முளைத்தால் பிள்ளை உயிரோடு இருக்கிறான். நாற்பது நாளில் முளைக்காவிட்டால் பூசை கொடுக்கலாம். மடு மண்ணை அள்ளி வந்து சட்டியில் நிரப்பி, பதினொரு விதையையும் ஊன்றினாள்.

பதினைந்தாம் நாள், பெரியமடுவிலிருந்து கருவாடு வாங்க வந்த இராசம்மா சட்டியை எட்டிப் பார்த்தாள். மாக்கிறட் நேர்ச்சையைச் சொன்னாள்.

"விதையை எப்பிடி வைச்சிருந்தனீங்கள் அக்கா?"

"கழுவி, கருவாட்டுப் பரணில நாலு நாள் நல்லாக் காயவிட்டுத்தான் எடுத்து வைச்சனான்."

கருவாடு போடுகிறவளுக்குக் காயவைப்பதுதானே காப்பாற்றுவது. இராசம்மா வயல்காரி. சொல்ல மனமில்லாமல்தான் சொன்னாள். "கிளாவிதை காய்ஞ்சா உயிர் போயிடும் அக்கா. பழத்தில இருந்து எடுத்த ஈரத்தோட ஊண்ட வேணும்."

மாக்கிறட் சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிள்ளையைத் தானே வெயிலில் போட்டுக் கொன்றுவிட்டதாக நினைத்தாள். அன்றிலிருந்து ஒழுங்காக ஒரு வாய் சோறு இறங்கவில்லை. வாசலில் வலை உதறும் சத்தமும் நின்றுவிட்டது. அதைத்தான் அவளால் தாங்கவே முடியவில்லை.

முப்பத்தெட்டாம் நாள் காலை சட்டியில் பச்சை தெரிந்தது. அம்புறோசைக் கையில் பிடித்து இழுத்து வந்தாள். அவன் சட்டியைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்து நின்றான்.

"அது நான் போட்டது மாக்கிறட். இராசம்மாட்ட புதுப்பழம் வாங்கி ஊண்டினனான். நீ கிடந்த கிடையைப் பாக்கேலாமல் போச்சு. இப்ப உன்ர முகத்தைப் பாத்தா, பொய் சொல்லவும் ஏலாமக் கிடக்கு."

அவள் கத்துவாள் என்று அவன் காத்து நின்றான்.

"எத்தினை விதை போட்டனீங்கள்?"

"ஒண்டு. நடுவில."

"மாதாவாணைச் சொல்லுங்கோ."

"மாதாவாணை ஒண்டுதான்."

அவள் சட்டியைத் தூக்கி அவன் முன்னே பிடித்தாள். நடுவில் ஒரு முளை நின்றது. விளிம்போரத்தில் இன்னொன்று, விதைத் தோலைத் தலையில் சுமந்தபடி நின்றது.

அதன் பிறகு இருவரும் பூசையைப் பற்றிப் பேசவில்லை. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது வாசலில் வலை உதறும் சத்தம் கேட்டது. மாக்கிறட் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. அம்புறோஸ்தான் எழும்பிப் போய் மூன்றாவது சோற்றுக் கோப்பையை எடுத்துவந்து வைத்தான்.