இடது பக்கம் காலி

கண்டக்டரம்மாவுக்கு அன்று விடுமுறை. புருஷனுக்கு ஒரு ஜோடி கறுப்பு ஷூ வாங்கிவிடலாம் என்று அவரையும் ஏற்றிக்கொண்டு காரை எடுத்தாள். திங்கட்கிழமை அவருக்கு டிப்போவில் கண் பரிசோதனை. தேறிவிட்டால் மறுபடி பஸ் ஓட்டலாம், அதுவும் அவள் விசில் ஊதுகிற அதே பஸ்ஸை. தேறாவிட்டால் உதிரி பாகக் கிடங்கில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார வைத்துவிடுவார்கள். கால் ஓரிடத்தில் நிற்காத மனுஷன் அவர். 

இடது கண்ணில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. அவளுக்கும் அந்த மாதங்கள் சுகமாக ஒன்றும் போகவில்லை. பதிலுக்கு வந்த டிரைவர் ஒரு தடியன். அவன் பிரேக் போட்டால் பஸ்ஸில் நிற்கிற ஜனம் மொத்தமும் அவள் மேல்தான் வந்து விழும். வீட்டுக் காரை ஓட்டவும் ஆள் வேண்டுமே என்று அவளே லைசென்ஸ் எடுத்தாள். கற்றுக்கொடுத்தது புருஷன்தான். கற்றுக்கொடுத்தாரா, உயிரை வாங்கினாரா என்பதை அவளிடம்தான் கேட்க வேண்டும்.

இந்த இரண்டு பேருக்கும் ஒரு பழக்கம் உண்டு. என்னைக் கேட்டால் அதை வியாதி என்பேன். பஸ்ஸின் பின்னால் நின்று பார்த்து அவள் "போலாம் ரைட்" என்றால் அவர் எடுத்துவிடுவார். கண்ணாடியில் ஒரு பார்வை? ஊஹூம். அவள் சொன்னால் சொன்னதுதான். இப்போது காரில் எல்லாம் தலைகீழ். அவள் ஓட்டுவாள், வலது பக்கம் அவள் பொறுப்பு. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து இடது பக்கம் பார்த்துச் சொல்வது அவர் பொறுப்பு. "இத்தனை வருஷம் நான் உன்னை நம்பலையா? நீயும் என்னை நம்பு" என்று சொல்லியே பழக்கிவிட்டார். இப்படி ஒரு கிறுக்குத்தனம் வேறு எந்த வீட்டிலாவது நடக்குமா, சொல்லுங்கள்.

சந்திலிருந்து மெயின் ரோட்டுக்கு வந்து வலது பக்கம் திரும்ப வேண்டும். அவள் வலது பக்கம் பார்த்தாள், காலி. அவர் கண்ணை இடது பக்கம் ஓட்டி, "போலாம் ரைட்" என்றார். அவள் எடுத்தாள். டமார் என்று ஒரு சத்தம்.

இடது பக்கமிருந்து வந்த வெள்ளை வேன் சட்டென்று பிரேக் போட்டதால் உயிர் தப்பினார்கள். காரின் முன் மட்கார்டு நசுங்கி, கதவின் ஓரம் உள்ளே போயிருந்தது. அவள் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு அவர் தலையை, தோளை, முழங்காலை எல்லாம் தடவிப் பார்த்தாள். அவரும் அவளைத் தடவிப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் அவள் பக்கத்துக் கதவு வழியாக இருவரும் இறங்கினார்கள்.

வேனிலிருந்து இறங்கியவர் ஒரு லாண்டரிக்காரர். பின்னால் ஆஸ்பத்திரி விரிப்புகள் மூட்டை மூட்டையாக இருந்தன. "அக்கா, அடி கிடி படலையே?" என்று கேட்டுவிட்டு அப்புறம்தான் தன் வேனைத் திரும்பிப் பார்த்தார். மோதினாலும் நல்ல மனுஷன் மேல் மோதியிருந்தார்கள்.

அவள் போலீஸுக்கு போன் போட்டாள்.

"யாருக்காவது அடி பட்டிருக்காம்மா?"

"இல்லைங்க."

"வண்டி நகருமா?"

"நகரும்."

"அப்ப நாங்க வர மாட்டோம். போட்டோ எடுத்துக்குங்க. ஒருத்தர் விவரத்தை ஒருத்தர் வாங்கிக்குங்க. வண்டியை ஓரங்கட்டிட்டு இன்சூரன்ஸ்ல சொல்லிடுங்க."

"அப்ப தப்பு யார் மேலன்னு யார் சொல்றது?"

"அதை நீங்கதான் சொல்லணும்" என்று போனை வைத்துவிட்டார்கள். நல்ல பதில். மோதிக்கொண்டவர்களே நீதிபதியாகவும் உட்கார வேண்டுமாம்.

ஆனால் யாராவது ஒரு வேலையைச் செய்தாக வேண்டும் என்று வந்துவிட்டால் கண்டக்டரம்மாவை மிஞ்ச ஆள் கிடையாது. வண்டிகளை நகர்த்துவதற்கு முன்பே நாலா பக்கமும் போட்டோ எடுத்தாள். ரோட்டில் கிடந்த கண்ணாடித் தூளை, டயர் தேய்ந்த தடத்தை, இரண்டு நம்பர் பிளேட்டையும் எடுத்தாள். லாண்டரிக்காரரின் லைசென்ஸையும் இன்சூரன்ஸையும் போட்டோ எடுத்துக்கொண்டு தன்னுடையதைக் காட்டினாள். மூலையில் சாவி வெட்டுகிற கடைக்காரரிடம் போய், பார்த்ததைச் சொல்வீர்களா என்று கேட்டு அவர் போன் நம்பரை வாங்கினாள். வேடிக்கை பார்க்கக் கூடிய கூட்டத்தைப் பார்த்து, "உள்ள போங்க, உள்ள போங்க, வழியில நிக்காதீங்க" என்று அதட்டினாள். உள்ளே போக அங்கே பஸ் ஏது? ஆனாலும் கூட்டம் நகர்ந்தது.

லாண்டரிக்காரர் தன் இன்சூரன்ஸ்காரரோடு பேசிவிட்டு வந்தார். "போலீஸ் வரலைன்னா நடந்ததை அவங்கவங்க வாயால சொல்லி ரெக்கார்டு பண்ணி அனுப்பச் சொல்றாங்க அக்கா. முதல்ல நானே சொல்லிடறேன்" என்று போனை வாயருகே பிடித்தார்.

"நான் மெதுவாத்தான் வந்தேன். லைட் போட்டிருந்தேன். கார் சந்துலேருந்து எட்டிப் பார்த்துச்சு. முன்னாடி உக்காந்திருந்த அண்ணன் என் பக்கம் பார்த்த மாதிரிதான் இருந்துச்சு. பார்த்துட்டாரு, நிறுத்திடுவாங்கன்னு நினைச்சு நான் வந்துட்டேன்."

அவளுக்குத் திக்கென்றது. பட்டப்பகல். வீடு மாதிரி ஒரு வெள்ளை வேன். லைட் வேறு போட்டிருக்கிறது. அதையா இவர் பார்க்கவில்லை?

புருஷன் சாவிக் கடை வாசற்படியில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சத்தமில்லாமல் போய் அவருடைய இடது பக்கம் நின்றாள். தண்ணீர் பாட்டிலை அவர் காதுக்கு நேராக நீட்டினாள். அவர் வாங்கவில்லை. கொஞ்சம் முன்னால் கொண்டுபோனாள். அப்போதும் வாங்கவில்லை. கை வலிக்கிற வரைக்கும் நீட்டிக்கொண்டு நின்றாள். 

"என்னங்க."

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். பாட்டிலைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது.

"எத்தனை நாளா?" என்றாள்.

"ஆபரேஷன் ஆனதுலேருந்தே. ஓரம் தெரியாது. நேரா இருக்கிற சின்ன எழுத்தும் மங்கல்தான். கழுத்தை முழுசாத் திருப்பினா வலது கண்ணுல எல்லாம் தெரிஞ்சுடும். இன்னிக்குப் பழைய பழக்கத்துல கண்ணை மட்டும் திருப்பிட்டேன்."

"டாக்டர்கிட்ட?"

"சொல்லலை."

"அப்புறம் திங்கட்கிழமை எப்படித் தேறுவீங்களாம்?"

"டிப்போவுல மாட்டியிருக்கிற எழுத்து அட்டையை மனப்பாடம் பண்ணிட்டேன்" என்றார். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "கடைசி வரி வரைக்கும்."

அவளுக்கு அறைய வேண்டும்போல இருந்தது. கட்டிக்கொண்டு அழ வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவருடைய வலது பக்கமாகப் பார்த்துத்தான் உட்கார்ந்தாள்.

"கிடங்குக்குப் போறதுல எனக்கு ஒண்ணும் கௌரவக் குறைச்சல் இல்லை கண்டக்டரம்மா" என்றார் அவர். "நீ அந்தத் தடியன்கூட ஊரைச் சுத்துவே. நான் உன் விசில் கேக்காம ஸ்க்ரூ எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கணும். அதை என்னால நினைச்சே பார்க்க முடியலை."

லாண்டரிக்காரர் போனோடு வந்து நின்றார். அவள் எழுந்தாள். "ஓட்டினது நான். இடது பக்கம் நானே பார்த்திருக்கணும், பார்க்காம எடுத்துட்டேன். தப்பு என்னோடது" என்றாள். அவ்வளவுதான். கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவள் சொன்னதில் பொய்யும் இல்லை. ஓட்டுகிறவர்தானே பார்க்க வேண்டும்? லாண்டரிக்காரர் ரெக்கார்டை நிறுத்தப் போனார்.

"தம்பி, நிறுத்தாதீங்க" என்று புருஷன் எழுந்தார். அவள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவர் அந்தக் கையை மெல்ல எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"பக்கத்துல உக்காந்து வழி காலின்னு சொன்னவன் நான். எனக்கு இடது கண் ஓரம் தெரியாது. இது அவளுக்கே இப்பத்தான் தெரியும். நான் பஸ் டிரைவர். திங்கட்கிழமை டிப்போவுலயும் இதையேதான் சொல்லுவேன்."

ரெக்கார்டு நின்றது. லாண்டரிக்காரர் அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

"எதுக்குங்க அதைச் சொன்னீங்க?" அவள் அழுதேவிட்டாள். "நான்தான் சமாளிச்சுட்டேனே."

"இன்னிக்கு வேன். அதுவா நின்னுடுச்சு. நாளைக்கு அந்தப் பக்கம் சைக்கிள்ல ஒரு பிள்ளை வந்தா? பஸ்ஸுல இருக்கிறது நீ ஏத்திவிட்ட ஜனம்மா. நானா அவங்களைக் கொல்லணும்?"

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். காரின் இடது முன் கதவு திறக்கவில்லை. அதனால் அவர் பின் சீட்டில், அவளுக்குப் பின்னால் ஏறிக்கொண்டார்.

"ஷூக் கடைக்குத்தானே?"

"கண் ஆஸ்பத்திரிக்கு. டாக்டர்கிட்ட இன்னிக்கு நான் பேசறேன். நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

"சரியாகாதுன்னு சொல்லிட்டா?"

அவள் சாவியைப் போட்டாள். கழுத்தை வலது பக்கம் முழுசாகத் திருப்பிப் பார்த்தாள். பிறகு இடது பக்கம் திருப்பிப் பார்த்தாள். தூரத்தில் ஒரு பஸ் வந்தது. அது போகட்டும் என்று காத்திருந்தாள்.

"சொன்னா சொல்லட்டும். கிடங்குல இன்னொரு நாற்காலி போடச் சொல்லி நானும் எழுதிக் குடுத்துடறேன்."

"நீயா? பஸ்ஸை விட்டுட்டா? ஸ்க்ரூ எண்ண வருமா உனக்கு?"

"இத்தனை வருஷம் தலை எண்ணலையா?"

அவர் பின்னாலிருந்து அவள் தோளில் கை வைத்தார். பஸ் கடந்து போயிற்று. அவள் இன்னொரு தடவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தாள். ஆஸ்பத்திரி வரும்வரை அவர் அந்தக் கையை எடுக்கவில்லை.