மாடு பிழைத்ததாக நான் எழுதிய பக்கம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஊருக்கு நான் போனது கதை தேடி அல்ல. ஒரு பெண்ணைக் கையோடு கூட்டிக்கொண்டு வரப் போனேன். அனுப்பியவன் அவளுடைய கணவன் ஹஸ்னைன். டப்ளினில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறான். (கலிஃபோர்னியாவில் இருக்கும் டப்ளின். அயர்லாந்தை எதிர்பார்த்து வந்தவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.)

அவள் பெயர் ஆஃபீஃபா. பள்ளப்பட்டிக்காரி, நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்தவள். கல்யாணமாகி அமெரிக்கா வந்த பிறகு, இங்கே மறுபடி டாக்டராவதற்கான பரீட்சைகளை வருஷக்கணக்கில் எழுதிக்கொண்டே ஒரு கிளினிக்கில் நாய்களுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். லைசென்ஸ் கைக்கு வந்ததும் அவள் செய்த முதல் காரியம், பால் மாடுகளுக்குப் பேர்போன விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு மாட்டு டாக்டர் வேலைக்கு அப்ளை பண்ணியது. கிடைக்காது என்ற தைரியத்தில் ஹஸ்னைன் சரி என்று சொல்லியிருந்தான். கிடைத்துவிட்டது.

மார்ச்சில் போனாள். செப்டம்பரில் அவள் கையில் ஒரு மாடு செத்தது. அக்டோபரில் ஹஸ்னைன் எங்கள் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

"அவ போன்ல நல்லாதான் பேசறா வசந்தாக்கா. அதான் பயமா இருக்கு. ஆபீஸ்ல சாஃப்ட்வேர் ரிலீஸ் முடியற வரைக்கும் எனக்கு லீவ் கிடைக்காது. நீங்க ஒரு வாரம் போய் இருங்க. வரும்போது கூட்டிட்டு வந்துடுங்க."

போனேன். ஒரு வாரம் இருந்தேன். ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தவள் எழுதுவதையும் அங்கேயே வாழ்கிறவள் சொல்வதையும் சேர்த்துப் படிக்கிறீர்கள் என்பதை மறக்காதீர்கள். நான் மறந்த இடங்களில் அவள் வந்து திருத்தியிருக்கிறாள்.

2

இந்தக் கதைக்கு நான் எழுதிய முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "கண்ணுக்கு எட்டியவரை பனி. அந்த வெள்ளை மௌனத்தின் நடுவே ஒற்றைத் தமிழ்ப் பெண்—"

[வாக்கியத்தை இங்கேயே விட்டுவிடுகிறேன். நான் போனபோது பனியே இல்லை. மக்காச்சோளம் காய்ந்து அறுவடைக்கு நின்றது. காற்றடித்தால் ஊர் முழுக்கக் காகிதம் கசக்குகிற சத்தம். மௌனம் என்று எதைச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.]

இரண்டாவது தொடக்கம்: "முக்காடு போட்ட அந்தப் பெண் உணவகத்தின் கதவைத் திறந்து உள்ளே நுழைந்ததும் எல்லாத் தலைகளும் திரும்பின."

இதை ஆஃபீஃபாவுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"திரும்பிப் பாத்தாங்கதான் அக்கா. நீங்க கதவ சாத்தாம வந்துட்டீங்க. குளிர் உள்ள வந்துச்சு."

யோசித்துப் பார்த்தேன். சாத்தவில்லைதான்.

அதற்காக எல்லோரும் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள் என்று சொல்ல வரவில்லை. முதல் மாதமே ஒரு பண்ணையிலிருந்து, இனிமேல் வேறு டாக்டரை அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. காரணம் என்ன என்று இவளுக்குத் தெரியும். அதை என்னிடம் சொன்னவளே, கதையில் அதற்கு இவ்வளவு இடம் போதும் என்றும் சொல்லிவிட்டாள்.

ஆகவே மூன்றாவது தொடக்கம். மாட்டிலிருந்து.

3

ஆர்லின் என்ற விவசாயிக்கு எழுபதை ஒட்டிய வயது. மனைவி போன பிறகு கறவை மாடுகளை ஏறக்குறைய தனியாகவே பார்த்துக்கொள்கிறார். ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. செத்ததன் பெயர் டோரிஸ்.

கன்று போட்ட மறுநாள் காலையில் டோரிஸ் எழுந்திருக்கவில்லை. பால் காய்ச்சல். பேர்தான் காய்ச்சல்; உண்மையில் உடம்பு சில்லிட்டுப்போகும். பால் சுரக்கிற வேகத்துக்கு ரத்தத்தில் கால்சியம் இறங்கிவிட, மாடு கழுத்தை மடித்து விலாவில் சாய்த்துப் படுத்துவிடும். கழுத்து நரம்பில் ஒரு பாட்டில் கால்சியம் ஏற்றினால் பெரும்பாலும் சற்று நேரத்தில் எழுந்து, ஒன்றும் நடக்காததுபோல் தீவனம் தேடும். நாமக்கல்லிலும் இதே வைத்தியம்தான். ஒரே ஒரு எச்சரிக்கை, மெதுவாக ஏற்ற வேண்டும். வேகம் கூடினால் இதயம் நின்றுவிடும்.

டோரிஸுக்குப் பாதி பாட்டில் இறங்கியபோது நின்றுவிட்டது.

ஆஃபீஃபா ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். துடிப்பு தடுமாறியது காதில் விழுந்ததும் குழாயை மடக்கிப் பிடித்தாள். அதற்குள் முடிந்துவிட்டது. என்ன ஆயிற்று என்று ஆர்லின் கேட்டார். மாடு படுத்து வெகுநேரம் ஆகியிருந்ததால் இதயம் ஏற்கெனவே பலவீனப்பட்டிருக்கலாம் என்றாள். அது உண்மை. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால், நான் கொஞ்சம் வேகமாக ஏற்றியிருக்கவும் கூடும், எது காரணம் என்று எனக்குத் தெரியவில்லை என்றும் சொன்னாள். ஆர்லின் கன்றுக்குப் பால் எடுக்கப் போய்விட்டார்.

கிளினிக்கின் முதலாளியான பெரிய டாக்டர் கோபப்படவில்லை. முதலில் சொன்ன காரணமே போதாதா என்று மட்டும் கேட்டார். அதன் பிறகு பண்ணைகளிலிருந்து வந்த போன்களில் எல்லோரும் பெரிய டாக்டரையே கேட்டார்கள். யாரும் இவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவ்வளவு சின்ன ஊரில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

4

இந்த இடத்தில்தான் நான் ஒரு பக்கம் எழுதினேன். அதில் டோரிஸ் எழுந்து நிற்கிறது. முதலில் காது அசைகிறது, பிறகு முன்னங்கால், பிறகு அந்தப் பெரிய உடம்பு மொத்தமும் ஆடி ஆடி எழும்புகிறது. ஆர்லின் தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொள்கிறார். நன்றாகவே வந்திருந்தது, அடக்கமெல்லாம் எதற்கு.

ஆஃபீஃபா உடனே போன் பண்ணவில்லை. மறுநாள்தான் பண்ணினாள்.

"அக்கா, அது செத்துப்போச்சு."

கதைதானே என்றேன். செத்த மாட்டை வைத்துக்கொண்டு படிக்கிறவர்களை எப்படிக் கடைசி வரை நடத்திக்கொண்டு போவது, அவர்கள் பாவம் என்றேன்.

"நீங்க அத எழுப்பி விட்டீங்கன்னா நான் ஆர்லின்கிட்ட தெரியலன்னு சொன்னதுக்கு அர்த்தமே இல்ல. இந்த ஊருக்கு வந்து நான் செஞ்ச ஒரே பெரிய காரியம் அதுதான். அத எடுத்துடாதீங்க."

பக்கத்தை எடுத்துவிட்டேன். இதை எழுதும்போதும் அந்தத் தொப்பி வரியை மட்டும் வேறு எங்காவது நுழைத்துவிடலாமா என்று கை பரபரக்கிறது.

5

ஊர் என்றால் ஒரு தெரு. தீவன மில், தபால் ஆபீஸ், உணவகமாகவும் இருக்கிற ஒரு பார், ஒரே பிரிவைச் சேர்ந்த இரண்டு சர்ச்சுகள். எப்போதோ ஒரு சண்டையில் பிரிந்தார்களாம். சண்டை என்ன என்பது இரண்டு சர்ச்சிலும் யாருக்கும் நினைவில்லை. பள்ளிவாசலுக்கும் அரிசி மூட்டைக்கும் இரண்டு மணி நேரம் டிரைவ் பண்ண வேண்டும். ஆஃபீஃபா இரண்டையும் ஒரே பயணத்தில் முடித்துக்கொள்கிறாள்.

பேச்சை எப்படி எடுப்பது என்று இரண்டு நாள் ஒத்திகை பார்த்தேன். மூன்றாம் நாள் அவளே எடுத்தாள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள், திரும்பக்கூட இல்லை.

"என்னைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்கீங்கன்னு தெரியும் அக்கா. ரிட்டர்ன் டிக்கெட்ட அவர் ரெண்டு பேருக்கும் போட்டுட்டாரு. எனக்கு ஈமெயில் வந்துடுச்சு."

தூது போனவளின் நிலைமையை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். வருகிறாயா என்று கேட்டேன். தெரியவில்லை என்றாள். யாரும் கூப்பிடாத ஊரில் டாக்டராக உட்கார்ந்து என்ன பண்ணுவது, கிளம்பிவிடுவது நியாயம்தான். ஆனால் மாடு செத்ததால் ஓடி வந்தவள் என்று ஆகிவிட்டால், அதற்கப்புறம் எந்த மாட்டைத் தொட்டாலும் கை நடுங்கும். மெதுவாகச் சொல்லி முடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஃப்ளைட் தானே, அதுவரை பார்ப்போம் என்றாள்.

வெள்ளிக்கிழமை மாலை பாரில் மீன் வறுவல். ஊரே வரும். மாவில் பீர் கலந்துதான் தோய்ப்பார்கள் என்பதால் முதல் தடவை ஆஃபீஃபா வெறும் உருளைக்கிழங்கைச் சாப்பிட்டுவிட்டு எழுந்திருக்கிறாள். கடைக்காரி கேரல் காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அடுத்த வாரத்திலிருந்து அவளுக்கு மட்டும் தனி வாணலியில் வெறும் மாவும் மிளகுத்தூளும் போட்டுப் பொரித்துத் தருகிறாளாம். மாடு செத்த பிறகும் அது நிற்கவில்லை. அன்று எனக்கும் சேர்த்து இரண்டு தட்டாக, கேட்காமலே வந்தது.

ஆர்லின் கவுண்டரில் உட்கார்ந்திருந்தார். பெரிய டாக்டர் அவருக்குப் பக்கத்தில். ஆர்லின் எங்களைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

[இங்கே ஒரு உரையாடல் வைக்கலாம். ஆர்லின் எழுந்து எங்கள் மேஜைக்கு வருகிறார், ஆஃபீஃபா நிமிர்ந்து— இல்லை. தலையை அசைத்தார், மீனைச் சாப்பிட்டார், போய்விட்டார்.]

6

சனிக்கிழமை காலை நாங்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஆஃபீஃபாவின் செல்போன் அடித்தது. ஆர்லின். கிளினிக்குக்குப் போன் பண்ணாமல் நேரே இவளுக்குப் பண்ணியிருந்தார். இன்னொரு மாடு கன்று போட்டுப் படுத்துவிட்டது, அதே மாதிரி. பெரிய டாக்டர் ஊரில் இல்லையோ என்று கேட்டேன். இருக்கிறார், நேற்று நாமே பார்த்தோமே என்றாள்.

அவள் உடனே வண்டியை எடுத்தாள். நானும் ஏறிக்கொண்டேன்.

தொழுவத்தில் மாடு கழுத்தை மடித்துப் படுத்திருந்தது. ஆஃபீஃபா காதைத் தொட்டுப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள், கழுத்தில் ஊசியை ஏற்றினாள். பிறகு பாட்டிலை என் கையில் கொடுத்தாள்.

"இத நான் சொல்ற உயரத்துல புடிங்க அக்கா. ஒசத்துனா வேகமா இறங்கும். இறக்குங்கன்னு சொன்னா உடனே இறக்கிடுங்க."

எழுத்தாளர்கள் எதற்காவது பயன்பட வேண்டும் அல்லவா. பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் கை நடுங்கவில்லை. மாட்டின் விலாவில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். இறக்குங்க என்றாள், இறக்கினேன். சரி என்றாள், கொஞ்சம் உயர்த்தினேன். ஆர்லின் எதிரில் முட்டி போட்டு மாட்டின் தலையைப் பிடித்திருந்தார்.

கண்ணைத் திறக்காமலே ஆஃபீஃபா அவரிடம் கேட்டாள், ஏன் என்னைக் கூப்பிட்டீர்கள் என்று.

(இங்கே எனக்கு ஒரு சிக்கல். விஸ்கான்சின் விவசாயி எந்தத் தமிழில் பேசுவார்? எங்கள் தாராபுரத்துப் பேச்சைக் கொடுத்தால் வேஷம் கட்டியதுபோல் ஆகிவிடும். பொதுவான எழுத்துத் தமிழைக் கொடுக்கிறேன். அவர் குரலில் இருந்த நிதானத்தை நீங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

"என்னிடம் நிறைய மாடுகள் செத்திருக்கின்றன. ஏன் செத்தது என்று எல்லா டாக்டருக்கும் எப்போதும் தெரிந்திருந்தது. தெரியவில்லை என்று சொன்னது நீங்கள் ஒருவர்தான். அப்படிச் சொன்னவர் அடுத்த தடவை கவனமாக ஏற்றுவார் என்று நினைத்தேன்."

காதில் ஸ்டெதஸ்கோப் இருந்ததால் ஆஃபீஃபாவுக்குப் பாதிதான் கேட்டதாம். மீதியை வண்டியில் திரும்பும்போது என்னைச் சொல்லச் சொல்லிக் கேட்டாள். இரண்டு தடவை.

பாட்டில் காலியானது. மாட்டுக்குத் தோலெல்லாம் நடுங்கியது. பெரிதாக ஒரு ஏப்பம் விட்டது. பிறகு எழுந்து நின்றது.

நீங்கள் நம்ப மாட்டீர்கள் என்று தெரியும். ஒரு தடவை மாட்டை எழுப்பி மாட்டிக்கொண்டவள் நான். இதை நான் எழுப்பவில்லை, அதுவாகத்தான் எழுந்தது. ஆர்லின் தொப்பியைக் கழற்றவும் இல்லை. கன்றை அவிழ்த்துவிடப் போனார், அவ்வளவுதான்.

7

ஃப்ளைட்டில் என் பக்கத்து சீட் காலியாக வந்தது. ஏர்போர்ட்டில் ஹஸ்னைன் என்னைப் பார்த்துவிட்டு என் பின்னால் பார்த்தான். பிறகு பெட்டியை வாங்கிக்கொண்டான். ஃப்ரீவே முழுக்க நான்தான் பேசினேன். மாடு, பாட்டில், கேரலின் வாணலி, எல்லாம். கேட்டுக்கொண்டே வந்தவன் எங்கள் ஊருக்குப் பிரிகிற எக்ஸிட்டைத் தவறவிட்டுவிட்டான்.

"அந்த ரோட்டுல எல்லாம் அவளே ஓட்டிட்டுப் போறாளா?"

ஆமாம் என்றேன்.

"இங்க இருந்தவரைக்கும் நான்தான் ஓட்டுவேன். அவளுக்குப் பிடிக்காதுன்னு நினைச்சிட்டு இருந்தேன். கேட்டதே இல்ல."

ரிலீஸ் முடிந்தது. மேனேஜரிடம் பேசி, அங்கிருந்தே வேலை பார்க்க இரண்டு வாரம் அனுமதி வாங்கிக்கொண்டு போன வாரம் விஸ்கான்சின் போனான். இப்போது நிஜமாகவே பனி.

முடிவாக மூன்றை யோசித்து வைத்திருந்தேன். அவன் அங்கேயே இருந்துவிடுகிறான். அல்லது கிளினிக்கோடு போட்ட கான்ட்ராக்ட் முடிந்ததும் அவள் தலை நிமிர்ந்து கலிஃபோர்னியா திரும்பி, இங்கேயே ஒரு மாட்டுப் பண்ணைப் பக்கம் வேலை தேடிக்கொள்கிறாள். அல்லது இருவரும் சம்பளத்தில் பாதியை விமானக் கம்பெனிக்குக் கொடுத்துக்கொண்டு இப்படியே இருக்கிறார்கள். எதை வைக்கட்டும் என்று ஆஃபீஃபாவிடமே கேட்டேன். எங்களுக்கே தெரியாது, உங்களுக்கு என்ன அவசரம் என்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் போனில் கேட்டு ரொம்ப நாளாயிற்று.

இன்று காலை ஹஸ்னைனிடமிருந்து ஒரு ஃபோட்டோ வந்தது. அவர்கள் வீட்டுச் சமையலறைக் கதவோரம், முழங்கால் வரை வருகிற ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ். புதுசு, விலைச் சீட்டுகூடக் கிழிக்கவில்லை. அளவைப் பார்த்தால் அவனுடையதுதான். கீழே ஒரு வரி: "ஆர்லின் தொழுவத்துக்கு ஷூ போட்டுட்டுப் போனா வீணாயிடுதுக்கா. சும்மா வாங்கினேன்."

ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு ஃப்ளைட். திரும்பி வரும்போது பூட்ஸைக் கொண்டு வருவாயா, அடுத்த தடவைக்கென்று அங்கேயே வைத்துவிட்டு வருவாயா என்று டைப் பண்ணினேன். பிறகு அனுப்பாமல் அழித்துவிட்டேன். அவளைக் கூட்டி வரப் போன எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை இல்லை. நீங்கள் அவனுக்கு யாரும் இல்லை, ஆகவே தாராளமாகக் கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமை வரை நேரம் இருக்கிறது. அவன் என்ன சொன்னான் என்பதை இந்தக் கோட்டுக்கு மேல் எழுதிக்கொள்ளுங்கள்:

________________