ரயில் நின்றால் எழுந்துவிடுவான்

நேற்று மட்டும் உருண்டை மதியத்தில் தூங்கியிருந்தால், இன்றைக்கு இந்த ஆபரேஷனே தேவைப்பட்டிருக்காது.

உருண்டை என்பது வீட்டின் கடைக்குட்டி. வயது ஒன்றரை. நேற்று பொழுதுபோக்குப் பூங்காவில் தூக்கத்தைக் கோட்டை விட்டான். ஆளுயர முயல் பொம்மை ஒன்று கை கொடுக்க வந்ததும் தொடங்கிய அழுகையை, ஓட்டல் அறைக் கதவு வரைக்கும் நிறுத்தவில்லை. மொத்தக் குடும்பமும் பாதியில் மூட்டை கட்டியது.

எட்டு வயது அக்காதான் பாவம். 'கருநாகம்' என்கிற ரோலர் கோஸ்டருக்காக ஒரு வருடம் காத்திருந்தவள். போன வருடம் உயரம் போதவில்லை. இந்த வருடம் உயரம் இருந்தது, தம்பி விடவில்லை.

இன்று கடைசி நாள்.

"இன்னிக்கும் போகலைன்னா நான் இங்கயே இருந்துக்கறேன். நீங்கல்லாம் கிளம்புங்க" என்று காலையிலேயே அறிவித்துவிட்டாள்.

கருநாகத்தில் சிறுவர்களோடு பெரியவர் ஒருவரும் ஏற வேண்டும். அப்பாவுக்கு ஸ்டூலில் ஏறி பல்பு மாற்றினாலே தலை சுற்றும். ஆக, ஏற வேண்டியவள் அம்மா. உருண்டையோ அம்மாவின் தோளைத் தவிர வேறெங்கும் தூங்கியதாகச் சரித்திரமே இல்லை. ஒரே விதிவிலக்கு, ஓடுகிற வண்டி. அதுவும் ஓடும்வரைதான். சிக்னலில் நின்றால்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவான்.

"பொம்மை ரயில்!" என்றான் கணவன், பூங்காவுக்குள் நுழைந்ததும் ஏரியைச் சுற்றி ஊர்ந்துகொண்டிருந்ததைக் காட்டி. "நான் இவனைத் தூக்கிட்டு அதுல சுத்திக்கிட்டே இருக்கேன். நீங்க போயிட்டு வாங்க."

"ஸ்டேஷன்ல நிக்குமே, அப்ப?"

"நானே ஆடுவேன்."

"எங்க, ஆடிக் காட்டுங்க."

பெஞ்சில் உட்கார்ந்து ஆடிக் காட்டினான். துணி அதிகமாகப் போட்ட வாஷிங் மெஷின் போல இருந்தது.

"அப்பா, ப்ளீஸ். எல்லாரும் பாக்கறாங்க" என்று மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ரயில் கிளம்புவதற்குள் அம்மா கணவனின் சட்டைப் பையிலிருந்த போனை எடுத்து, மணியையும் அதிர்வையும் அணைத்தாள். "நெஞ்சு மேலதான் படுத்திருக்கான். லேசா அதிர்ந்தாலும் போச்சு. எதுக்காகவும் எறங்கிடாதீங்க. இதே ஸ்டேஷனுக்கு வந்துடறோம்."

"என்னம்மா, பாம் வச்ச வண்டி மாதிரி பேசற?" என்றான் கணவன்.

"அதைவிட மோசம்."

வரிசை மெதுவாக நகர்ந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் அம்மா எட்டிப் பார்த்தாள். கீழே ரயில். மூன்றாவது பெட்டியில் நீலச் சட்டை. அதன் மேல் மஞ்சளாய் ஒரு சிறு மூட்டை. அசைவில்லை. தூங்கிவிட்டான்! பிறந்ததிலிருந்து இதுதான் முதல் முறை, அவள் தொடாமல் அவன் தூங்குவது; ஓடுகிற வண்டியில்கூட அவள் கை அவன் மேல் இருக்கும். கை இரண்டும் காலியாக இருந்தது விநோதமாக இருந்தது. எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் மகளின் பின்னலை அவிழ்த்து மறுபடி பின்னினாள்.

முறை வந்தது. கம்பி இடுப்பில் இறங்கியது. கருநாகம் கடகடவென்று உச்சிக்கு ஏறி, ஒரு கணம் நின்றது. பூங்கா முழுவதும் காலடியில். ஏரி. ஏரியைச் சுற்றித் தண்டவாளம்.

தண்டவாளத்தில் ரயிலைக் காணோம்.

"என்னங்க...!" என்று அவள் வாய் திறந்த நொடியில் கருநாகம் தலைகீழாகப் பாய்ந்தது.

"அம்மா, செம்ம! நீ எவ்ளோ கத்துன தெரியுமா?" இறங்கியதும் மகள் குதித்தாள். அம்மா அதற்குள் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தாள்.

ஸ்டேஷன் வாசலில் குறுக்கே சங்கிலி. உள்ளே ஈ, காக்கை இல்லை. போன் போட்டாள். அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எப்படி எடுப்பான்? வாயைக் கட்டியது அவளேதான்.

"அப்பா ஐஸ்கிரீம் வாங்கப் போயிருப்பாரும்மா."

"ரயிலும் கூடவா போயிருக்கும்?"

குழந்தை எழுந்து வீறிட்டிருப்பான். இவர் பதறி இறங்கியிருப்பார். எங்கே? எதிரே ஏரி பளபளத்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்க மறுத்தாள்.

பெருக்கிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். "ரயிலா? ஷெட்டுக்குப் போயிடுச்சும்மா. டிரைவருக்குச் சாப்பாட்டு நேரம்."

"அதுல ஒருத்தர், கைக்குழந்தையோட..."

"ஷெட்டுக்கு ஆளை ஏத்திட்டுப் போகக்கூடாதும்மா. எல்லாரையும் இங்கயே எறக்கி விட்டுடுவாங்க."

இறங்கியிருந்தால் இங்கே காத்திருப்பாரே!

தண்டவாளத்தை ஒட்டியே இருவரும் ஓடினார்கள். புதருக்குப் பின்னால் தகரக் கதவு, பாதி திறந்து கிடந்தது. உள்ளே இருட்டு, எண்ணெய் வாடை. ரயில் நின்றிருந்தது. எஞ்சின் சத்தமில்லை. படியில் டிபன் பாக்ஸோடு உட்கார்ந்திருந்தவர் அவளைப் பார்த்ததும் பாய்ந்து எழுந்து, உதட்டில் விரலை வைத்தார்.

"ஷ்ஷ்!"

மூன்றாவது பெட்டி. தலையைப் பின்னால் சாய்த்து, வாய் பிளந்து, கணவன். அவன் நெஞ்சில் கன்னம் நசுங்க, சட்டை நனைய எச்சில் ஒழுக, உருண்டை. இரண்டு பேரும் ஆழ்ந்த தூக்கம்.

அவள் குனிந்து மகனின் மூச்சைக் கேட்டாள். பிறகுதான் அவளுக்கே மூச்சு வந்தது. எதிர் சீட்டில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"எறக்கி விடலாம்னுதாம்மா கிட்ட போனேன்" என்று கிசுகிசுத்தார் டிரைவர். "அப்பாவும் புள்ளையும் அச்சு எடுத்த மாதிரி தூங்கறாங்க. யாரை எழுப்புறதுன்னு தெரியல, மனசும் வரல. அப்படியே உருட்டிட்டு வந்துட்டேன். சூப்பர்வைசர் கிட்ட சொல்லிடாதீங்க."

"வண்டி நின்னதும் இவன் எழுந்துக்கலையா?"

"ஒரு தடவ முழிச்சான். என்னை மொறைச்சான். அவங்கப்பா விட்ட குறட்டையைக் கொஞ்சம் கேட்டான். சரி பரவால்லன்னு மறுபடி சாஞ்சுட்டான்."

அவளுக்குக் கோபம் வந்தது, சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது. எதையும் சத்தமாகச் செய்ய வழியில்லாததால் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். பாவி மகனே, என் தோள் இல்லாமலே தூங்குவியாடா நீ! ஒன்றரை வருடத்துப் பாரம் தோளிலிருந்து கழன்று விழுந்த மாதிரி இருந்தது.

மகள் காதருகே வந்தாள். "அம்மா, அப்போ இன்னொரு ரவுண்டு போலாமா?"

அம்மா தூங்குகிறவர்களைப் பார்த்தாள். டிரைவரைப் பார்த்தாள்.

"அண்ணா, நீங்க எப்ப வண்டியை எடுக்கணும்?"

"சாப்பிட்டு, கை கழுவி, ஒரு டீயும் குடிப்பேம்மா. இவரு எழுந்தா எங்க போயிருக்கீங்கன்னு சொல்லிடறேன். தைரியமா போயிட்டு வாங்க."

ஷெட் கதவைத் தாண்டும்வரைக்கும்தான் அம்மாவும் மகளும் பூனை நடை நடந்தார்கள். அப்புறம் ஒரே ஓட்டம்.