முன்னால் நடக்கும் குடும்பம்

மலைக்குப் பந்தம் கொண்டுபோகும் ஊர்வலத்தில் ஜுமாதியின் குடும்பத்து ஆண்தான் முன்னால் நடப்பான். பண்டாத் தீவின் லாவி கிராமத்தில் இதில் மறுபேச்சு கிடையாது. பந்தத்தைத் தலைக்கு மேல் தூக்கக் கூடாது. இடது கன்னத்தை ஒட்டிப் பிடிக்க வேண்டும். வழிநெடுகப் பெண்கள் அவன்மேல் ஜாதிக்காய் ஓடுகளை வீசுவார்கள். அதற்கு வாழ்த்து என்று பெயர். முகத்தைத் துடைத்துக்கொள்ளக் கூடாது.

ஜுமாதியின் இடது கன்னம் வெந்து ஆறிப் பளபளப்பாக இருந்தது. அவன் அப்பாவுக்கும் அப்படித்தான் இருந்தது. புகைப்படம் எடுக்கும்போது ஜுமாதி அந்தப் பக்கத்தைத்தான் காட்டுவான்.

இந்த வருஷம் மலையடியில் நினைவுக்கல் வைக்க மாவட்ட அலுவலகம் முடிவு செய்திருந்தது. நானூறு வருஷத்துக்கு முன் ஜாதிக்காய்க்காக வெள்ளைக்காரக் கம்பெனியின் சிப்பாய்கள் பண்டாத் தீவுகளைத் துடைத்தெடுத்தபோது மலைமேல் நின்று செத்தவர்களுக்கான கல். மேலே ஒரு பெயரைப் பொறிக்கலாம் என்றார்கள். ஜுமாதி தன் மூதாதை மாலிம் சாரன் பெயரைச் சொன்னான்.

அவன் மனைவியின் அண்ணன் ராஜப் ஒத்துக்கொள்ளவில்லை. எல்லோரும் செத்த பிறகு தோட்ட வேலைக்காக அடிமைகளாகக் கப்பலில் கொண்டுவந்து இறக்கப்பட்டவர்கள் ராஜபின் முன்னோர். ஊரில் முக்கால்வாசிப் பேர் அந்த வம்சம். கல்லில் அவர்களுக்கும் ஒரு வரி வேண்டும் என்றான்.

பள்ளிவாசல் முற்றத்தில் எல்லோர் முன்னாலும் ஜுமாதி சொன்னான்: "நாங்க இந்த மண்ணு மச்சான். நீங்க கப்பல்ல வந்த சரக்கு. சரக்குக்கு யாரு கல்லு வெப்பாங்க?"

ராஜப் கிராம்புச் சிகரெட்டை மிதித்து அணைத்தான். "சாரன் வீரன்னு உனக்கு உங்கப்பா சொன்னாரு. அவருக்கு அவங்கப்பா சொன்னாரு. வெளியாளு ஒருத்தர் வந்து சொல்லட்டும் மாப்ள. நான் வாயை மூடிக்கிறேன்."

அதனால்தான் ஜுமாதி ஏலிக்கு ஆள் அனுப்பினான். தீவு கம்பெனி கைக்குப் போனபோது படகேறித் தப்பியவர்கள் கிழக்கே வெகுதூரத்தில் போய் உட்கார்ந்த ஊர் அது. பண்டாவின் பழைய மொழியும் அந்தக் காலத்துக் கதைப்பாட்டுகளும் அங்கேதான் இன்னும் இருக்கின்றன. பண்டாவில் அந்த மொழியில் ஒரு சொல்கூட யாருக்கும் தெரியாது.

ஏலிக்காரர்கள் விழாவுக்கு முந்தின நாள் கப்பலில் வந்து இறங்கினார்கள். பாட்டை எடுத்துக் கொடுப்பவள் ரபியா. பானை வனைகிறவள், ஐம்பதைத் தாண்டியவள். அவளை ஜுமாதி தன் வீட்டிலேயே தங்க வைத்தான். மனைவி மீன் சுட்டுப் போட்டாள். பிற்பகலில் அவளுக்குக் காட்டவென்றே ஓர் ஒத்திகை நடத்தினான். பந்தத்தைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்து நடந்தான். அக்கம்பக்கத்துப் பெண்கள் சிரித்துக்கொண்டே ஓடுகளை வீசினார்கள்.

ரபியா சிரிக்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வெயில் தாழ்ந்ததும் சமையற்கட்டுக்குப் பின்னால் வந்து, கல்லில் போடப்போகும் பெயர் என்ன என்று கேட்டாள். சொன்னான். பந்தத்தை எப்போதும் கன்னத்தருகேதான் பிடிப்பீர்களா என்று கேட்டாள். ஆமாம் என்றான்.

"அந்தப் பேரு வர்ற பாட்ட எங்க ஊர்ல கல்யாணத்துல பாட மாட்டோம் அண்ணே."

பிறகு அடங்கின குரலில் சொன்னாள். கம்பெனி எல்லோரையும் கொல்லவில்லை. கப்பலில் வந்த புது ஆட்களுக்கு ஜாதிக்காய் வேலை பழக்கச் சில பெண்களை நிறுத்தி வைத்தது. அவர்களில் பின்னால் தப்பி ஏலிக்கு வந்தவர்கள் கொண்டுவந்த பாட்டு அது. அவர்கள் புருஷன்மார் மலையில் செத்தவர்கள். மலைக்குப் பின்பக்கமாக ஒரு வழி உண்டு, சிப்பாய்களுக்கு அது தெரியாது. ஒருவன் பந்தம் பிடித்து முன்னால் நடந்து காட்டினான். சாரன். கம்பெனி அவனுக்குத் தோப்பும் வீடும் கொடுத்தது. பெண்கள் அவன் சாகும்வரை காத்திருந்தார்கள். செத்ததும் அவன் மகனைப் பிடித்தார்கள். வருஷா வருஷம் அதே நாளில், அதே வழியில், பந்தத்தோடு நடக்கவிட்டார்கள்.

"கன்னத்துக்கிட்ட எதுக்குன்னா, மூஞ்சி தெரியணும்ல. கல்ல எறிஞ்சா ஆளு செத்துப்போவான். அடுத்த வருஷத்துக்கு வேணுமே. அதான் ஓடு."

ஜுமாதியின் கை கன்னத்துக்குப் போய்த் திரும்பியது. ஊரில் சொல்லப்போகிறாளா என்று கேட்டான்.

"சொல்ல வரல. பாட வந்தேன். நீங்க ஒதுங்கிக்குங்க. ஒடம்பு சரியில்லன்னு சொல்லுங்க, நாங்க வேற ஏதாச்சும் பாடிட்டுப் போயிடுறோம். நீங்க முன்னால நின்னா அந்தப் பாட்டுதான். முன்னால நிக்கறவனுக்கு எங்ககிட்ட வேற பாட்டு இல்ல."

"பேரு வருமா?"

"அடிக்கு அடி வரும்."

அவன் தென்னை மட்டைகளைப் பார்த்தபடி நின்றான். "இங்க யாருக்கும் புரியாதே," என்றான்.

ரபியா முந்தானையை உதறிச் செருகினாள். "ஆமா," என்றாள். "புரியாது." உள்ளே போய்விட்டாள்.

ராஜபிடம் போய்ச் சொல்லிவிடலாம் என்று ஒருமுறை தோன்றியது. சரக்கு என்று தான் சொன்ன சொல் எந்த வடிவில் திரும்பி வரும் என்று யோசித்தான். போகவில்லை.

மறுநாள் அந்தி. அதிகாரிகளுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். ஜுமாதி வெள்ளைச் சட்டை போட்டுப் பந்தத்தைக் கொளுத்தி முன்னால் வந்து நின்றான். ரபியா அதைப் பார்த்துவிட்டுப் பாட ஆரம்பித்தாள். ஏலிப் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். பாட்டு மெதுவாக, ஏற்ற இறக்கமில்லாமல் போனது. சாரன் என்ற பெயர் வந்தபோது கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. மறுபடி வந்தபோது கைதட்டினார்கள். என்ன பாடுகிறார்கள் என்று அதிகாரி கேட்டார். புகழ்ந்து பாடுகிறார்கள் என்றார் ஊர்த்தலைவர். கல்தச்சனைப் பார்த்துத் தலையாட்டினார்.

ராஜப் வந்து ஜுமாதியைக் கட்டிக்கொண்டான். அவன் கண் கலங்கியிருந்தது. "தப்பாப் பேசிட்டேன் மாப்ள. என் காதால கேட்டுட்டேன். உங்க பாட்டன் பேரே இருக்கட்டும். எங்காளுங்களுக்கு வரி வேணாம்."

ஜுமாதி அவன் முதுகைத் தட்டிக் கொடுத்தான்.

ஊர்வலம் புறப்பட்டது. ஊர்ப் பெண்கள் பூப்போல ஓடுகளை வீசினார்கள். முதல் திருப்பத்தில் ஏலிக்காரிகள் நின்றிருந்தார்கள். அவர்கள் கையிலும் ஓடு இருந்தது. அவர்கள் வீசியது வலித்தது.

ஜுமாதி பந்தத்தைத் தலைக்கு மேல் தூக்கினான். முகம் இருட்டுக்குள் போனது. பின்னால் வந்தவர்கள் நின்றுவிட்டார்கள்.

"மாப்ள, பந்தத்த எறக்கு," என்றான் ராஜப் அன்பாக. "மூஞ்சி தெரியல."

இறக்கினான்.